நேர்கோட்டுக் கையும் பழைய பெல்ட்டும்

இசைத்தட்டின் பள்ளத்தை வெட்டும் ஊசி விளிம்பிலிருந்து மையம் நோக்கி நேர்கோட்டில் நகர்கிறது. அதை வாசிக்கும் கருவியின் சாதாரணக் கையோ ஓர் அச்சில் திரும்பி வில்லாக வளைந்து போகிறது. 1972-இல் பேங் அண்ட் ஓலுஃப்சன் வெளியிட்ட பியோகிராம் 4000 என்ற இசைத்தட்டுக் கருவி நேர்கோட்டிலேயே வாசித்தது. வளையும் கையின் கோணப்பிழை இரண்டு, மூன்று டிகிரிதானே, காதுக்குத் தெரியுமா என்று கேட்பார்கள். நியாயம்தான், சரியாகப் பொருத்திய கையில் பெரும்பாலும் தெரியாது. (நேர்கோட்டுக் கையும் இம்மியளவு விலகிய பிறகுதான் மோட்டார் அதைத் திருத்துகிறது.) ஆனால் அப்படிச் சரியாகப் பொருத்தும் பொறுப்பு வாங்குபவர் தலையில் விழுகிறது. நேர்கோட்டுக் கை கொண்ட டெக்னிக்ஸ் எஸ்எல்-10இல் ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைச் செருகித் திருகினால் போதும். செலவு வேறிடத்தில் காத்திருக்கிறது: கையை நகர்த்தும் பெல்ட் தளரும், கிரீஸ் இறுகும். ஆகவே பழைய கருவி வாங்கும்போது, பளபளக்கும் மூடி கொண்டதைவிட, அண்மையில் பழுதுபார்த்த கருவிக்கே கூடுதல் பணம் தரலாம்.