பந்து விழுமுன் சொல்லுங்கள்

மாணவர்களே, உங்கள் செய்முறை அறிக்கைகளில் நான் அடிக்கடி சிவப்பு மையால் வட்டமிடும் ஓர் இடம் உண்டு. அது கருதுகோள். உங்களில் பலர் சோதனையை முடித்து, முடிவைப் பார்த்த பிறகே அதை எழுதுகிறீர்கள். கேட்டால், “தப்பாகிவிட்டால் என்ன செய்வது, டீச்சர்?” என்கிறீர்கள். தப்பாவதற்கு இன்னும் வாய்ப்பிருக்கும் நேரத்தில் சொல்வதுதான் கணிப்பு. இதை எனக்குத் தெளிவாக்கியது ஒரு பேஸ்பால் விதி.

அதன் பெயர் ‘இன்ஃபீல்டு ஃப்ளை’. நம் பள்ளிகளில் ஆடும் சாஃப்ட்பாலிலும் இது உண்டு. முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ஓட்டக்காரர்கள் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இருவர் அவுட் ஆகவில்லை. பேட்டர் அடித்த பந்து உயரே எழும்பி, உட்களத்தில் நிற்கும் ஆட்டக்காரரை நோக்கி இறங்குகிறது. அவர் அதைப் பிடித்துவிட்டால், முன்னே ஓடிய ஓட்டக்காரர்கள் தங்கள் பேஸுக்குத் திரும்பியாக வேண்டும். பந்து தரையில் விழுந்தாலோ, பின்னால் வருபவருக்கு இடம்விட்டு அடுத்த பேஸுக்கு ஓடியே ஆக வேண்டும். ஆகவே, தந்திரக்கார ஆட்டக்காரர் பந்தை வேண்டுமென்றே தவறவிட்டு, பேஸில் காத்து நின்ற இருவரையும் அவுட் ஆக்கிவிடலாம்.

இந்த ஏமாற்றைத் தடுக்கவே 1890-களில் இவ்விதி வந்தது. பந்து காற்றில் இருக்கும்போதே நடுவர் கையை உயர்த்தி, பேட்டர் அவுட் என்று அறிவிப்பார். அதன்பின் பந்து விழுந்தாலும் ஓட்டக்காரர்கள் ஓட வேண்டிய கட்டாயமில்லை.

எந்தப் பந்துக்கு அறிவிப்பது? உட்கள ஆட்டக்காரர் ‘சாதாரண முயற்சியில்’ பிடிக்கக்கூடிய பந்துக்கு. “சாதாரணம் என்றால் எத்தனை மீட்டர்? தரையில் ஒரு கோடு போட்டுவிடலாமே” என்று நீங்கள் கேட்பீர்கள். விதிநூல் அதை வெளிப்படையாகவே மறுக்கிறது. புல்லின் விளிம்போ பேஸ்களுக்கு இடையிலான கோடோ எல்லை ஆகாது என்கிறது. அந்த லீக்கில் ஆடும் சராசரித் திறனுள்ள ஒருவர், அன்றைய திடலிலும் வானிலையிலும் பிடிப்பாரா என்பதே கேள்வி. ஒரே மாதிரிப் பந்துக்கு அமெரிக்காவின் பெரிய லீக்கில் ‘ஆம்’ என்றும், பள்ளி ஆட்டத்தில் ‘இல்லை’ என்றும் விடை வரலாம். பலத்த காற்று வீசினால் அந்த விடையும் மாறலாம். சிலர் இதைக் குழப்பம் என்பார்கள். மாறிகளைக் கவனிக்கச் சொல்லும் விதி என்று நான் சொல்வேன்.

எப்போது அறிவிப்பது என்பது அதைவிடக் கடினம். 30 மீட்டர் உயரம் சென்ற பந்து, காற்றுத் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால், உச்சியிலிருந்து தரைக்கு வர ஏறக்குறைய 2.5 விநாடி ஆகும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். பந்து ஏறும்போதே சொல்ல ஆதாரம் போதாது. மட்டை பந்தின் அடிப்பகுதியில் பட்டிருப்பதால் பந்து வேகமாகப் பின்சுழல்கிறது. மேக்னஸ் விசை அதை ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது எதிர்ப்பக்கமும் தள்ளுகிறது. தேர்ந்த ஆட்டக்காரர்களே இதில் தடுமாறுவதுண்டு. தரையை நெருங்கிய பின் சொன்னாலோ ஓட்டக்காரர்களுக்குப் பயனில்லை.

அதனால் நடுவர்கள் பொதுவாகப் பந்து உச்சியை எட்டும்வரை பொறுத்திருந்து, பார்வையை ஆட்டக்காரர் மீது வைக்கிறார்கள். அவர் பந்துக்கு அடியில் வந்து நிதானமாக நிற்கிறாரா, இன்னும் முதுகைக் காட்டி ஓடுகிறாரா? அவருடைய கால்கள்தான் ஆதாரம். பந்து எல்லைக்கோட்டருகே இறங்கினால், ‘ஃபேர் பந்தானால் இன்ஃபீல்டு ஃப்ளை’ என்று நிபந்தனையோடு அறிவிக்க வேண்டும். உங்கள் அறிக்கைகளில் இப்படி ஒரு வாக்கியம் கிடைக்காதா என்று நான் தேடுகிறேன்!

இந்த அறிவிப்பு பெரும் சர்ச்சையான நாளும் உண்டு. 2012 அக்டோபர் 5, அட்லாண்டா நகரம். தோற்கும் அணிக்கு அந்த ஆண்டின் போட்டிகள் அத்துடன் முடிந்தன. எட்டாவது இன்னிங்ஸில் பிரேவ்ஸ் அணியின் ஆண்ட்ரெல்டன் சிம்மன்ஸ் அடித்த பந்து இடது வெளிக்களத்துக்குள் சென்றது. கார்டினல்ஸ் அணியின் உட்கள ஆட்டக்காரர் பீட் கோஸ்மா பின்னோக்கி ஓடி அதன் அடியில் வந்தார். கடைசி நொடியில் விலகினார். பந்து விழுந்தது. அதற்குச் சற்று முன்தான் நடுவர் சாம் ஹோல்புரூக் கையை உயர்த்தியிருந்தார். கொதித்த ரசிகர்கள் போத்தல்களை வீச, ஆட்டம் 19 நிமிடம் நின்றது. பிரேவ்ஸ் 3-6 என்று தோற்றது. அந்த அணியின் எதிர்ப்பும் ஏற்கப்படவில்லை.

பந்து வெளிக்களத்தில் விழுந்ததற்காக நான் அந்த நடுவரைக் குறைகூற மாட்டேன். விதி இடத்தைப் பார்ப்பதில்லை. அவர் தாமதித்ததுதான் குறை. அவ்வளவு பிந்திய அறிவிப்பு ஓட்டக்காரர் யாருக்கும் உதவாது. ஆனாலும் அவர் பந்து விழுமுன் சொன்னார். கண்ட ஆதாரத்தை வைத்துச் சொன்னார். அரங்கமே எதிர்த்தபோதும் அதற்குப் பொறுப்பேற்றார். கேமரா பார்த்து முடிவு செய்யலாமே என்கிறீர்களா? நடந்ததைத்தான் கேமரா காட்டும். நடக்கப் போவதை ஒருவர் முன்கூட்டியே சொன்னால்தான் இந்த விதியால் பயன் உண்டு.

ஆகவே, அடுத்த செய்முறையில் விளக்கைப் பற்றவைக்கும் முன்பே கருதுகோளை எழுதுங்கள். பென்சில் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். தப்பாகிப்போனால் அழிக்காதீர்கள், ஏன் தப்பானது என்று அதன் கீழே இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரிகளைத்தான் நான் முதலில் படிப்பேன்.