கூடாரத் தொழிலாளியின் கூலி

சென்ற ஆண்டு எங்கள் பங்குத் திருவிழாவிற்கு முன் கூடிய பேரவைக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் மனம் வருந்திப் பேசினார். "இக்காலத்துப் பிள்ளைகளிடம் சேவை மனப்பான்மை அற்றுப் போயிற்று, ஃபாதர்" என்பது அவர் குறை. அவர் சுட்டியது, வீட்டிலிருந்தபடியே தனித்துக் கணினி வடிவமைப்புத் தொழில் செய்யும் ஓர் இளம்பெண்ணை. அழைப்பிதழ், கொடியேற்றச் சுவரொட்டி, தேர்ப்பவனிக்கான ஃப்ளெக்ஸ் பதாகைகள், விழா மலர், பங்கின் இணையதளம் என அனைத்தையும் மூன்றாண்டுகள் காசு பெறாமல் செய்து தந்தவர், நான்காம் ஆண்டில் ஒரு விலைப்பட்டியலை அனுப்பியிருந்தார். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் வாணவேடிக்கைக்காரருக்கும் முன்பணம் கொடுக்கத் தீர்மானம் நிறைவேற்றிய அதே கூட்டம், அப்பட்டியலைக் கண்டு முகம் சுளித்தது. நானும் வாய் திறவாதிருந்தேன். அந்த மௌனம் உறுத்துவதாலேயே இதனை எழுதுகிறேன்.

பந்தலின் கம்பமும் துணியும் கண்ணுக்குத் தெரிகின்றன. திரையில் நிகழும் உழைப்பு தெரிவதில்லை. "கணினிதானே செய்கிறது" என்கிறோம். நாம் அவருக்கு அனுப்பும் செய்திகள் எந்நிலையில் செல்கின்றன என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாதி வாட்ஸ்அப்பில், பாதி பழைய பாமினி எழுத்தில், எஞ்சியது கையால் எழுதிய தாளின் நிழற்படமாக. யூனிகோடு தரத்தில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. நம் அலுவலகக் கணினிகளோ இன்னும் பழைய குறிமுறைகளை விட்டபாடில்லை. அவற்றை மாற்றும்போது இடம் பெயரும் கொம்பையும் காலையும் ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டும். திரையில் ஒளிரும் நீலம் அச்சு மையில் மங்கும் என்பதை முன்னறிந்து வண்ணம் தேர வேண்டும். இணையப் பக்கத்தில் எழுத்திற்கும் பின்புலத்திற்கும் இடையே 4.5க்கு 1 என்ற அளவிலேனும் ஒளிவேறுபாடு வேண்டும் என்பது, பார்வை குன்றியோரை முன்னிட்டு வகுக்கப்பட்ட அனைத்துலக நெறி. திருப்பலி நேரத்தை நம் பாட்டிமார் கைப்பேசியில் தாமே படித்தறிவது தற்செயல் அன்று. யாரோ ஒருவர் அவர்களை நினைந்து செய்த வேலை அது.

இவ்வளவும் முடிந்தபின் நம் திருத்தங்கள் தொடங்கும். கொடையாளர் ஒருவர் பெயர் விடுபட்டுப் போயிற்று. பங்குத்தந்தையின் படம் சிறிது. பேரவைத் துணைத்தலைவரின் படம் அதனினும் சிறிது. இரவு பதினொரு மணிக்கு இத்தகவலை அனுப்பியவன் நானே.

அவருக்கு மாத முதல் நாளில் சம்பளம் இல்லை. வைப்பு நிதி இல்லை. ஊதியத்துடன் விடுப்பும் இல்லை. மென்பொருளுக்குச் சந்தா உண்டு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதனைக் கட்டியாக வேண்டும். சிறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு பெற்ற குறுந்தொழிலருக்கு 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்றும் கூறுகிறது. அரசின் சட்டம் இவ்வளவு கூறும்போது, நற்செய்தியைப் போதிக்கும் நாம் "ஆலயத்திற்குத்தானே, அம்மா" என்கிறோம்.

ஆலயத்திற்கு என்பதனால் கூலி வேண்டா என்பதற்குச் சிலர் திருத்தூதர் பவுலைத் துணைக்கு அழைப்பர். நன்று, அவரையே கேட்போம். கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா இல்லத்தில் தங்கிக் கூடாரம் செய்து பிழைத்தவர் அவர். தம் கைத்தொழிலால் வாழ்ந்துகொண்டே சபையைக் கட்டியவர். அக்கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் வாதிடும் முறையைக் கவனிக்க வேண்டும். நற்செய்திப் பணியாளருக்கு ஊதியம் பெறும் உரிமை உண்டென்பதை முதலில் நிலைநாட்டுகிறார். அதன் பின்னரே அவ்வுரிமையைத் தாமாக விட்டுக்கொடுத்ததைக் கூறுகிறார். உரிமை இல்லாத இடத்தில் விட்டுக்கொடுத்தல் எவ்வாறு நிகழும்? மேலும், அவர் பேசியது போதிப்பவரின் உரிமையைப் பற்றி. கூடாரங்களையும் இலவசமாகவே தைத்துத் தந்தார் என்று விவிலியத்தில் நான் எங்கும் படித்ததில்லை.

இத்தொழிலினர் கொடுக்க அறியாதவர்களா? கட்டுமரத்தின் பெயர் தாங்கிய 'கேட்டமரான்' என்னும் எழுத்துரு பிரியா ரவிச்சந்திரன் வடிவமைத்தது. தமிழுக்கும் இலத்தீன் எழுத்திற்கும் உரியது. அதனை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். அது வெளிவந்திருக்கும் திறந்த உரிமத்தை வகுத்தது எஸ்ஐஎல் என்னும் கிறித்தவ மொழியியல் நிறுவனம். எழுத்துருவைத் தனியே விலைக்கு விற்கலாகாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு. எதை, எவ்வளவு, எவ்விதத்தில் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்யும் கொடை அது. நாம் கேட்பதோ, கேட்பவர் அளவு குறித்து, கேட்பவரே நாள் குறித்து, மறுத்தால் பழி சொல்லும் ஒன்று. இதற்குக் காணிக்கை என்று பெயர் சூட்ட எனக்கு நா எழவில்லை.

திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் விடுத்தார். 1981இல் இரண்டாம் அருள் சின்னப்பர், ஒரு சமூகப் பொருளாதார அமைப்பு நீதியுள்ளதா என்பதை நேர்மையான கூலியைக் கொண்டே சோதித்தறியலாம் என்று எழுதினார். இவற்றை மே முதல் நாள் மறையுரையில் ஆலை முதலாளிகளை நோக்கி முழங்குகிறோம். பங்கு அலுவலகத்தின் கணக்கேட்டை யாரும் அளவுகோல் கொண்டு அளப்பதில்லை.

அந்த ஆண்டு அவர் பட்டியல் திருப்பி அனுப்பப்பட்டது. பேரவை உறுப்பினர் ஒருவரின் உறவுக்காரப் பையன் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒரு நொடியில் சுவரொட்டி எடுத்துத் தந்தான். குழந்தை இயேசுவைத் தாங்கிய அந்தோணியாரின் கையில் ஆறு விரல்கள் இருந்தன. சுவரில் ஒட்டிய பிறகே கண்டோம்.

இவ்வாண்டு வரவு செலவுத் திட்டத்தில் 'வடிவமைப்பு' என்றொரு வரியைச் சேர்த்தேன். ஒரு மணி நேர வாக்குவாதத்திற்குப் பின் பேரவை ஒப்புக்கொண்டது. தொகையுடனும், மூன்றாண்டுகளுக்குச் சொல்லாதிருந்த மன்னிப்புடனும் அப்பெண்ணின் வீட்டிற்குச் சென்றேன். காப்பி கொடுத்தார். "ரெண்டு மாசத்துக்குக் கையில வேலை இருக்கு, ஃபாதர். இந்த வருஷம் முடியாது. வேற ஒருத்தரச் சொல்றேன், நல்லா செய்வாங்க" என்றார். அவர் சொன்னவருக்கு முன்பணம் அனுப்பியிருக்கிறோம்.