பூஜையறை புறப்படும் நாள்

கும்பகோணத்தில் முன்னோர் காலத்து ஓட்டு வீடு ஒன்றில் முதிய தம்பதியர் இருவர் மட்டும் எஞ்சியிருந்தனர். முழங்கால் வலி, வழுக்கும் கிணற்றடி, நள்ளிரவில் உடம்புக்கு ஏதேனும் வந்தால் கூப்பிட ஆளில்லாத தனிமை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொள்ள, சென்னையில் மகன் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கே சென்றுவிடுவதென்று முடிவாயிற்று. சாமான்களைக் கட்டி ஏற்றிச் செல்ல ஒரு நிறுவனத்தை மகன் அமர்த்தினான். "நீங்க எதையும் தொட வேண்டாம்மா. நாலு மணி நேரத்துல எல்லாத்தையும் கட்டி ஏத்திடுவாங்க" என்று தொலைபேசியில் சொன்னான்.

"பீரோவைக் கட்டட்டும், கட்டிலையும் கட்டட்டும். சாமி அறைக்குள்ள மட்டும் அவங்க வர வேண்டாம்ப்பா" என்றார் தாயார்.

அவர் சொன்னது ஆசாரத்தை மட்டும் கருதியதன்று. சாமான் கட்டுவோர் கைத்தேர்ச்சி உடையவர்களே. ஆனால் அவர்கள் பொருளை அளவைக் கொண்டும் எடையைக் கொண்டும்தான் பார்க்க முடியும். எந்த விக்கிரகத்தின் விரல் மெலிந்தது, எந்தப் படத்தின் சட்டம் ஏற்கெனவே ஆட்டம் கண்டது என்பதெல்லாம் நாள்தோறும் துடைத்த கைக்குத்தான் தெரியும். அதிலும், ஆண்டுதோறும் கொலு வைத்த வீட்டுப் பெண்மணிக்குச் சாமான் கட்டும் கலையைப் பிறர் கற்பிக்க வேண்டியதே இல்லை. விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் அத்தனையையும் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, அடுத்த புரட்டாசியில் மூக்கு உடையாமல் வெளியே எடுக்கும் பயிற்சி அவருடையது. பண்ருட்டி மண் பொம்மையின் கழுத்து எவ்வளவு தாங்கும் என்பதை அவர் அறிவார். கனமானது அடியில், காகிதக்கூழ் பொம்மை மேலே, இடுக்குகளில் துணிச்சுருள், பெட்டியை அசைத்தால் உள்ளே எதுவும் நகரக் கூடாது என்பதே அந்தப் பயிற்சியின் சாரம். பூஜையறைக்கும் அதுவே போதும்.

ஆனால் எங்கிருந்து தொடங்குவது? இதற்குக் கோயில் மரபிலேயே வழி இருக்கிறது. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வது வழக்கம். மூலவரின் சாந்நித்தியத்தைக் கும்பத்திலோ மரப்பலகையில் எழுதிய திருவுருவத்திலோ எழுந்தருளச் செய்து, சிறியதோர் இடத்தில் வழிபாட்டை நிறுத்தாமல் நடத்துவார்கள். கும்பகோணத்து அம்மாள் செய்ததும் ஏறக்குறைய அதுவே. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே குலதெய்வத்தின் சிறிய படம் ஒன்றையும் காமாட்சி விளக்கு ஒன்றையும் கூடத்து மாடத்துக்கு மாற்றினார். மாலை விளக்கு அங்கே எரிந்தது. பூஜையறையை அவசரமில்லாமல், நாளுக்கு ஒரு தட்டாகக் கட்ட முடிந்தது.

விளக்குகளில் முதல் பகை எண்ணெய்ப் பிசுக்கு. திரியை எடுத்துவிட்டு அப்படியே பெட்டியில் வைத்தால், திரிமுகத்தில் ஊறிய எண்ணெய் வழியில் கசிந்து பக்கத்துப் பட்டுத்துணியையும் சுவடிகளையும் கறைப்படுத்திவிடும். நன்கு தேய்த்துக் கழுவி, ஒரு நாள் உலர்த்தி, குத்துவிளக்கின் பாதம், தண்டு, தகழி, உச்சி ஆகியவற்றைக் கழற்றித் தனித்தனியே சுற்ற வேண்டும். மரை இறுகியிருந்தால் தட்டக் கூடாது. சிறிது தேங்காயெண்ணெய் விட்டு இரவு முழுதும் வைத்தால் பெரும்பாலும் இளகும். ஒரு விளக்கின் உறுப்புகள் அனைத்தும் ஒரே மூட்டையில் இருப்பது நல்லது. இல்லையெனில் புது வீட்டில் எந்த உச்சி எந்தத் தண்டுக்கு உரியது என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடும். வெள்ளிப் பாத்திரங்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டக் கூடாது; ரப்பரில் உள்ள கந்தகம் பட்ட இடம் கறுக்கும். செய்தித்தாளில் நேரடியாகச் சுற்றுவதும் வேண்டாம், மை ஒட்டும். முதலில் பருத்தித் துணி, அதற்கு மேல் காகிதம். சங்கில் தங்கிய தீர்த்தத்தை முழுதும் வடித்து, விளிம்புக்கு இரட்டைத் துணி கொடுக்க வேண்டும். கைமணியின் நாக்கைத் துணியால் கட்டிவிடுவது பழைய வழக்கம். வழியெல்லாம் அது ஒலித்துக்கொண்டே வராது, உட்புறமும் அடிபடாது.

பஞ்சலோக விக்கிரகத்தை எடுக்கும்போது கையும் திருவாசியும் பிடிக்க வசதியாகத் தோன்றும். அங்கேதான் தவறு நேர்கிறது. பழைய உற்சவத் திருமேனிகளின் பீடத்தைக் கவனித்தவர்களுக்கு இது விளங்கும். தண்டு கோத்துச் சுமப்பதற்காகவும் கயிறு கட்டுவதற்காகவும் பீடத்திலேயே துளைகளும் வளையங்களும் வைத்து வார்த்திருக்கிறார்கள். எடை முழுதும் பீடத்தில்தான் ஏற வேண்டும் என்பது ஸ்தபதியின் கருத்து. வீட்டில் உள்ள சாண் உயரக் கிருஷ்ணனுக்கும் அதே முறைதான். ஒரு கை பீடத்தின் அடியில், மறு கை முதுகில். கழற்றக்கூடிய திருவாசியையும் புல்லாங்குழலையும் தனியே எடுத்துவிட்டு, கைக்கும் உடலுக்கும் இடையே உள்ள வெளியை மெல்லிய துணியால் நிரப்பினால் வளையாது. சாளக்கிராமம் லாரியில் ஏறுவதில்லை. சம்புடத்தில் துளசியோடு வைத்து மடியில் கொண்டுபோவதே முறை.

இடம் பெயர்வதைக் குறித்து மனம் கலங்கும் முதியோர், பெருமாளே இடம் பெயர்ந்ததை நினைத்துக்கொள்ளலாம். படையெடுப்புக்கு அஞ்சிக் காஞ்சி வரதராஜர் 1688இல் உடையார்பாளையம் சென்றார், 1710இல்தான் திரும்பினார். கோயிலில் உள்ள கல்வெட்டே அதைச் சொல்கிறது. இருபத்திரண்டு ஆண்டுகள் வேற்றூரிலும் ஆராதனை நடந்தது.

பூஜையறையில் மிகவும் துன்பப்படுவது தஞ்சாவூர்ப் படம். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து புடைப்பு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு பதித்தது அது. அதைப் படுக்கவைத்து மேலே வேறு பெட்டி அடுக்கினால், லாரியின் அதிர்வில் கண்ணாடி விரிசல் விடும். உடைந்த சில்லு ரேக்கைச் சுரண்டும். இவர்களுடைய உறவினர் வீட்டில் ஒரு ராமர் பட்டாபிஷேகப் படத்துக்கு அப்படித்தான் நேர்ந்தது. ஆகவே, கண்ணாடியின்மேல் ஒட்டுநாடாவைப் பெருக்கல் குறிபோல ஒட்ட வேண்டும். உடைந்தாலும் சில்லு உள்ளே விழாது. சட்டத்தின்மேல் நாடா படக் கூடாது, முலாம் உரியும். இரண்டு படங்களை முகத்துக்கு முகம் வைத்து, நடுவே தடித்த அட்டை கொடுத்து, நிறுத்தியே கொண்டுபோக வேண்டும். மெத்தைக்கும் பீரோவுக்கும் இடைப்பட்ட இடம் அதற்கு உகந்தது. கண்ணாடி இல்லாத பழம்படமாயின் பிளாஸ்டிக் குமிழ்த்தாள் நேரே படவே கூடாது. வெயிலில் அது ஓவியத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

கடினமான வேலை வேறொன்று. நான்கு சுவர் நிறைந்த படங்கள் இரண்டு அறை வீட்டில் அடங்குமா? அடங்காதவற்றை அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவது இப்போது பெருகிவிட்ட வழக்கம். மழையில் நனைந்து, கண்ணாடி உடைந்து, நாய் படுக்கும் இடத்தில் மகாலட்சுமி கிடப்பதைக் காண்கிறோம். அது சமர்ப்பணம் ஆகாது, கைகழுவுதல்தான். கும்பகோணத்துப் பெரியவர் இதில் பிடிவாதமாக இருந்தார். உறவினர்களையும் அண்டை வீட்டாரையும் அழைத்து, விரும்பிக் கேட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார். பஜனை மடத்தில் முன்கூட்டிக் கேட்டுச் சம்மதம் பெற்று இரண்டு படங்களைச் சேர்த்தார். முற்றிலும் செல்லரித்த காகிதப் படங்களைச் சட்டத்திலிருந்து பிரித்து, ஈரமண்ணில் குழி எடுத்துக் கொல்லையில் பூமிதேவியிடம் ஒப்படைத்தார். கல் துளசிமாடத்தைப் பெயர்க்க முடியவில்லை. ஒரு மாதம் முன்னரே விதை தூவி எழுந்த கன்று சிறு தொட்டியில் உடன் வந்தது.

கற்பூரம், தீப்பெட்டி, எண்ணெய் மூன்றையும் லாரிப் பெட்டிகளில் வைக்கலாகாது. தீப்பற்றும் அபாயம் உண்டு. அவர்கள் கடைசியாகக் கட்டிய சிறு பெட்டி காரில் தங்களோடு வந்தது. மாடத்தில் இருந்த குலதெய்வப் படம், காமாட்சி விளக்கு, கைமணி, பஞ்சபாத்திரம், மஞ்சள், உப்பு, அரிசி, பருப்பு, பால் காய்ச்ச ஒரு பாத்திரம் ஆகியவை அதில் இருந்தன. கடைசியில் மூடிய பெட்டி முதலில் திறக்கும் பெட்டி ஆயிற்று.

சென்னை வீட்டில் மருமகள் சமையலறைக்குப் பக்கத்துச் சுவரலமாரி ஒன்றைக் காலி செய்து கோலமிட்டு வைத்திருந்தாள். சாமான் லாரி வந்து சேர இன்னும் நேரம் இருந்தது. விளக்கேற்றிப் பால் பொங்கியதும் பெரியவர் கைமணியை எடுத்து ஆட்டினார். ஒலி வரவில்லை. "தாத்தா, மணிக்கு வாயைக் கட்டியிருக்கீங்களே!" என்று பேத்தி சிரித்தாள். அம்மாள் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்.