வேலி போனது, தீவும் போகிறது!

மன்னார் வளைகுடாவில் கடல் விழுங்கும் தீவுகள்

ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையை ஒட்டிக் கடலில் 21 தீவுகள் இருந்தன. இப்போது 19 தான் கண்ணுக்குத் தெரிகின்றன.

மற்ற இரண்டு எங்கே?

பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற அந்த இரு தீவுகளும் கடலில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடி பக்கம் உள்ள காரைச்சல்லித் தீவும் கரைந்து வருகிறது. 1969-ம் ஆண்டில் அதன் பரப்பு சுமார் 50 ஏக்கர். இன்று அதில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

கடலுக்குள் பூங்கா

இந்தத் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-ம் ஆண்டில் அரசு தேசியப் பூங்கா ஆக்கியது. பரப்பு 560 சதுர கிலோ மீட்டர். மன்னார் வளைகுடாவில் 3,600-க்கும் மேற்பட்ட வகைச் செடிகளும் உயிர்களும் வாழ்கின்றன. கடல் ஆமை, கடல் குதிரை, கடல் அட்டை, கடல் பசு எல்லாம் உண்டு.

கடல் பசு சாதுவான பிராணி. புல்தான் அதன் உணவு. குட்டிக்குப் பால் கொடுத்து வளர்க்கும். ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். அதனால் ஒன்று செத்தாலும் நஷ்டம் பெரிது.

கல் அல்ல, உயிர்!

தீவுகளுக்கு வேலியாக இருப்பது பவளப் பாறை. அது வெறும் கல் அல்ல. கோடிக்கணக்கான சிறு உயிர்கள் கடல் நீரில் உள்ள சுண்ணாம்பை எடுத்துக் கட்டிய வீடு. உருண்டைப் பவளம் ஓர் ஆண்டில் ஒரு விரற்கடை கூட வளராது.

பெரிய அலை இந்தப் பாறையில் மோதி வலுவிழக்கும். அலை அடங்கிய இடத்தில் கடல் புல் முளைக்கும். மீன் குஞ்சுகள் பாறை இடுக்கில் ஒளிந்து வளரும்.

இந்த வேலியை மனிதன் கடப்பாரையால் பெயர்த்தான். சுண்ணாம்புக் காளவாய்க்கும், வீடு கட்டவும் படகு படகாக ஏற்றினான். 2001-ல் சட்டம் கடுமையானது. 2005-க்குப் பிறகு இந்த வேலை நின்றது. ஆனால் போன பாறை திரும்பவில்லை. அலை நேராகத் தீவின் மணலை அரித்தது.

அடுத்த அடி, வெயில். கடல் நீர் அதிகம் சூடானால் பவளம் தன் நிறத்தையும், தனக்கு உணவு தரும் நுண்பாசியையும் இழக்கும். வெளுத்துப்போகும். சூடு நீடித்தால் சாகும். 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இப்படி நடந்தது.

சிமெண்டு வேலி

தூத்துக்குடி அருகே வான் தீவைக் காப்பாற்ற, 2015-ம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கான சிமெண்டுப் பாறைகள் கடலில் இறக்கப்பட்டன. அலையின் வேகம் தணிந்தது. மீன்களும் வந்து தங்கின. காரைச்சல்லிக்கும் இதே வைத்தியத்தை அரசு தொடங்கியிருக்கிறது. ஆனால் சிமெண்டு அலையைத் தடுக்கும். கடலின் சூட்டைத் தணிக்காது.

பிழைப்பும் பாதுகாப்பும்

பூங்காவால் கஷ்டப்பட்டவர்களும் உண்டு. தீவுகளை ஒட்டி முழுகிப் பாசி எடுத்த பெண்களுக்குத் தடை வந்தது. பிழைப்பு அடிபட்டது. அந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். வலையில் சிக்கிய கடல் பசுவை, வலையை அறுத்து விடுவித்த மீனவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுக்கிறது.

கடலை நம்பிப் பிழைப்பவர்களைப் பகைத்துக்கொண்டு கடலைக் காக்க முடியாது. அறுந்த வலைக்கு ஈடும், தடையால் இழந்த கூலிக்கு வேறு வழியும் கிடைத்தால், தீவுகளுக்கு அவர்களே காவல் நிற்பார்கள். மீன் குஞ்சு வளர இடம் இல்லாவிட்டால், நாளை வலையில் மீன் ஏது?