ஜூன் 21-க்கு ஒரு ஜமக்காளம்

ஜூன் 21 வந்தால் போதும். பள்ளி மைதானம், கல்லூரி அரங்கம், கலெக்டர் ஆபீஸ் வளாகம் என்று எங்கு பார்த்தாலும் நீலமும் ஊதாவுமாக யோகா மேட்கள் விரிந்துவிடுகின்றன. ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பரில் அறிவித்து, 2015 முதல் கொண்டாடப்படும் சர்வதேச யோகா தினம் அது. மூச்சை இழுத்து விடுங்கள், இயற்கையோடு இணையுங்கள் என்று மைக்கில் சொல்கிறார்கள். சரி, முதுகுக்குக் கீழே கிடப்பது என்ன? பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக்!

இந்த மேட் யோகாவோடு கூடப் பிறந்தது ஒன்றும் இல்லை. தரைவிரிப்பு நழுவாமல் இருக்க அதன் அடியில் போடும் ஷீட்டை வெட்டி, 1980களில் ஐரோப்பாவில் யோகாவுக்குப் பயன்படுத்தினார்கள். அங்கிருந்துதான் இது வியாபாரமானது. பி.வி.சி. இயல்பில் விறைப்பான பொருள். தண்ணீர்க் குழாய் செய்வதும் அதில்தான். அதை மெத்தென்று ஆக்குவதற்கு தாலேட் வகை ரசாயனங்களைச் சேர்ப்பது வழக்கம். குழந்தைகளின் பொம்மைகளில் பல நாடுகள் கட்டுப்படுத்தியிருக்கும் ரசாயனங்கள் இவை. மேட் கிழிந்துபோனால் பழைய இரும்புக்கடையில் அதற்கு மதிப்பு இல்லை. குப்பையோடு சேர்த்துக் கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சினும் புகையாக வரும்.

அப்படியென்றால் பருத்திக்கு மாறிவிடலாமே என்று தோன்றும். மாறலாம், மாற வேண்டும். ஆனால் 'நேச்சுரல் காட்டன்' என்று லேபிள் ஒட்டிய எதையாவது ஆன்லைனில் வாங்கினால் வேலை முடிந்துவிடாது.

பருத்தி என்றாலே பசுமையா?

தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் பருத்தி விளைகிறது. அரூரில் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடக்கிறது. ஆனால் இது வறண்ட மாவட்டம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகமாகி, பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட மக்களுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே கொண்டுவரப்பட்டது. குடிக்கிற தண்ணீரை ஆற்றிலிருந்து குழாயில் கொண்டுவர வேண்டிய ஊரில், ஆழ்துளைக் கிணற்று நீரை இறைத்து, மருந்தடித்து விளைவித்த பருத்தியை 'இயற்கை' என்று அழைப்பது எந்த விதத்தில் நியாயம்? மானாவாரியில், ரசாயனம் இல்லாமல் விளைந்த பருத்திக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும்.

அப்படி முடியுமா என்று கேட்பவர்கள் அதே மாவட்டத்தில் உள்ள சிட்லிங்கியைப் பார்க்கலாம். மலையாளி பழங்குடியினரும் லம்பாடிகளும் வாழும் பள்ளத்தாக்கு அது. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார்கள். மக்களின் உடல்நலமும் வருமானமும் தனித்தனி விஷயங்கள் இல்லை என்று புரிந்தபோது, அந்த முயற்சி இயற்கை விவசாயத்துக்கும் விரிந்தது. விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்தார்கள். சிறுதானியம், மஞ்சளோடு பருத்தியையும் ரசாயனம் இல்லாமல் பயிரிட்டார்கள். லம்பாடிப் பெண்கள் ஏறக்குறைய மறந்தே போயிருந்த தங்கள் பூவேலைத் தையலை மீட்டெடுத்து 'போர்கை' என்ற பெயரில் விற்கிறார்கள். லம்பாடி மொழியில் அதற்குப் 'பெருமை' என்று அர்த்தம்.

தறி எங்கே?

பருத்தி தருமபுரியில் இருக்கிறது. தறி பக்கத்திலேயே இருக்கிறது! ஒகேனக்கல்லில் விழும் காவிரி மேட்டூர் தாண்டிப் போய்ச் சேரும் ஊர் பவானி. அந்த ஊர் ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தே பல வருஷம் ஆகிறது. 1985-ம் ஆண்டுச் சட்டப்படி கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டிய ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. கல்யாண வீட்டில், பாட்டுக் கச்சேரியில், திண்ணையில் தமிழ்நாடு உட்கார்ந்து எழுந்த விரிப்பு அது. 2 அடி அகலம், 6 அடி நீளத்தில் நெய்தால் அதுதான் யோகா மேட். புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

2021-ல் அசாமில் கவுகாத்தி பக்கத்துத் தீபோர் பில் ஏரியில், மீனவக் குடும்பத்துப் பெண்கள் ஆறு பேர் ஆகாயத்தாமரையிலிருந்து யோகா விரிப்பு நெய்து நாடு முழுக்கப் பேசப்பட்டார்கள். ஏரியை அடைக்கும் களையிலிருந்தே ஒரு பிழைப்பை உண்டாக்க முடிகிறபோது, பருத்தியும் தறியும் கையில் உள்ளவர்களுக்கு முடியாதா?

வழுக்குமே?

நியாயமான கேள்விதான். டைல்ஸ் தரையில் ஜமக்காளம் நகரும். முட்டிக்கு மெத்தென்றும் இருக்காது. ஆனால் வியர்வை பட்டால் பிளாஸ்டிக் வழுக்கும், பருத்தியோ ஈரத்தில் பிடித்துக்கொள்ளும். மைசூரில் அஷ்டாங்க யோகா கற்கும் வெளிநாட்டினர் ரப்பர் மேட்டின் மேல் பருத்தி விரிப்பைப் போட்டுக்கொள்வது இதனால்தான். சிமெண்ட் தரையிலும் மைதானத்திலும் செய்பவர்களுக்கு ஜமக்காளமே போதும். டைல்ஸ் வீட்டுக்காரர்கள் அடியில் இயற்கை ரப்பர் ஷீட் ஒன்று போட்டுக்கொள்ளலாம். அழுக்கானால் துவைக்கலாம். கிழிந்தால் கால்மிதி, அதற்குப் பிறகு மண்.

விலைக் கணக்கு

'பிளாஸ்டிக் மேட் மலிவு' என்பார்கள். முதலாண்டு வணிகவியலில் வரும் தேய்மானக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, 500 ரூபாய் மேட் 2 வருஷம் வருகிறது, 1,200 ரூபாய் ஜமக்காளம் 8 வருஷம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதற்கு வருஷத்துக்கு 250 ரூபாய். இரண்டாவதற்கு 150 ரூபாய். எது மலிவு?

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பவானி என்ற பெயரில் விசைத்தறி விரிப்புகள் குறைந்த விலையில் விற்கப்படுகின்றன. அந்த விலைக்குக் குழித்தறியில் நெய்பவரால் இறங்கி வரவே முடியாது. இறங்கினால் குறைவது அவருடைய கூலிதான். அப்பாவின் கூலியைப் பார்த்த மகன் தறியில் உட்காருவானா? இன்னொரு பக்கம், நாலு மூட்டை இயற்கைப் பருத்திக்காக ஒரு நூற்பாலை தனியாக ஓடாது. அளவு கூடினால்தான் நூல் தனியாக வரும். ஒருவர் ஒரு மேட் வாங்குவதால் இந்த இரண்டும் தீராது. மொத்த ஆர்டர் வேண்டும்.

அந்த மொத்த ஆர்டரைக் கொடுக்கக்கூடியவர்கள் யார்? ஒவ்வொரு ஜூனிலும் நூற்றுக்கணக்கில் மேட் வாங்கும் பள்ளிகளும், கல்லூரிகளும், அரசு அலுவலகங்களும்தான். தருமபுரி மாவட்டக் கல்லூரிகள் சில சேர்ந்து, ஆறு மாதம் முன்னதாக, கைத்தறி முத்திரையோடு, பேரம் பேசாத விலைக்கு ஆர்டர் கொடுத்தால் போதும். அரூர்ப் பக்கத்து மானாவாரி விவசாயிக்கும் பவானித் தறிக்காரருக்கும் ஒரே நேரத்தில் வேலை கிடைக்கும்.

அடுத்த ஜூன் 21-க்கு உங்கள் கல்லூரி என்ன வாங்கப்போகிறது என்று என்.எஸ்.எஸ். அலுவலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். ஜூன் மாதம் கேட்டால் பிளாஸ்டிக் மேட்தான் வரும்!