காக்கி ஒரு தகுதிச் சான்று அல்ல

மிடுக்கான காவல்துறை அதிகாரி ஒருவர் வேலையை உதறிவிட்டு அரசியலுக்கு வந்தால் போதும், ‘இவர் கையில் நாட்டைக் கொடுத்தால் உருப்பட்டுவிடும்’ என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. ‘தங்கப்பதக்கம்’ முதல் ‘சிங்கம்’ வரை திரையரங்குகள் ஊட்டி வளர்த்த நம்பிக்கை இது. கர்நாடகத்தில் எஸ்.பி.யாக இருந்த கு. அண்ணாமலை 2019-ல் பணியிலிருந்து விலகினார்; 2021-ல் பாஜகவின் தமிழகத் தலைவரானார். அவ்வளவு வேகமான வளர்ச்சிக்கு ‘சிங்கம்’ என்ற பட்டமும் துணை நின்றது.

அதிகாரி அரசியலுக்கு வருவது அவருடைய உரிமை. லஞ்சத்தில் நொந்த மக்கள் கண்டிப்பானவரைத் தேடுவதும் புரிகிறது. ஆனால் கண்டிப்பு யார் மேல் பாய்கிறது என்று கேட்காமல் அதைக் கொண்டாடுவது ஆபத்து. இதைத் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1992 ஜூன் 20 அன்று, அரூர் பக்கம் உள்ள வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்கள் கிராமத்துக்குள் சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி அரசுப் படை நுழைந்தது. வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் வனத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. அத்தனை பேரும் அரசுச் சம்பளக்காரர்கள். தடுத்திருக்க வேண்டிய மேலதிகாரிகள் தடுக்கவில்லை.

நீதி எப்படி வந்தது? எந்தச் சிங்கமும் பாய்ந்து வந்து வாங்கித் தரவில்லை. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் மனு எழுதின, போராடின, நீதிமன்றப் படி ஏறின. அந்தப் பெண்கள் மிரட்டலுக்கு அஞ்சாமல் சாட்சி சொன்னார்கள். 1995-ல் வழக்கு சிபிஐக்குப் போனது. 2011-ல் தருமபுரி அமர்வு நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக, 215 பேருக்கும் தண்டனை விதித்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ததோடு, அன்றைய ஆட்சியர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. நாம் இளக்காரமாகப் பேசும் அரசியல்தான், முப்பது ஆண்டுகள் விடாமல் நின்று இதைச் சாதித்தது.

2004-ல் இதே மாவட்டத்தின் பாப்பாரப்பட்டி அருகே சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவரை வேட்டையாடிய அதிரடிப்படையை நாடே கொண்டாடியது. அந்த நீண்ட வேட்டையில் அத்துமீறலுக்கு ஆளான 89 பேருக்கு இழப்பீடு வழங்க 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் சொன்னதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

காவல் பணியில் மேலிருந்து உத்தரவு வரும், கீழே கேள்வியில்லாமல் நடக்கும். மக்கள் பிரதிநிதியின் பணி நேர்மாறானது. எதிர்க்கருத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். பட்ஜெட்டை வரி வரியாகப் படிக்க வேண்டும். தோற்றவருக்கும் பதில் சொல்ல வேண்டும். முன்னதில் கெட்டிக்காரர் பின்னதிலும் தேறுவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தேறுகிறவர் தன் உழைப்பால் தேறுவாரே ஒழிய, போட்டிருந்த சீருடையால் அல்ல.

அடுத்த முறை முன்னாள் காவல் அதிகாரி ஒருவர் ஓட்டுக் கேட்டு வந்தால், எத்தனை ரவுடிகளை ஒடுக்கினார் என்று கேட்காதீர்கள். அவர் பொறுப்பில் இருந்த காவல் நிலையங்களில் ஏழையின் புகார் பதிவானதா, லாக்கப்பில் யாராவது அடிபட்டார்களா, தவறு செய்த தன் ஆட்கள் மேல் நடவடிக்கை எடுத்தாரா என்று கேளுங்கள். பதில் சொல்ல முடிந்தவருக்கு மட்டும் ஓட்டுப் போடுங்கள்.