புளி போட்டு வெளக்கின விக்டோரியா ராணி

பழைய வெள்ளி ரூபாய் சேர்க்கிற மக்களே, இன்னைக்கு சண்டை உங்களோடதான். விக்கிறவங்களைத் திட்டி ஏற்கெனவே நிறைய பேர் பதிவு போட்டாச்சு. வாங்குறவன் வாயைப் பிளக்கிறதாலதானே அவங்க விக்கிறாங்க?

போன மாசம் ஒரு நாணயக் கண்காட்சி. 1862 விக்டோரியா ஒரு ரூபாய், கண்ணைக் கூசுது. அட்டையில 'யு.என்.சி.'ன்னு கொட்டை எழுத்து. அதாவது அச்சடிச்ச பிறகு யார் கையிலயும் புழங்காத காசுன்னு அர்த்தம். வாங்கிப் பார்த்தா ராணியம்மாவுக்குக் காதுக்கு மேல முடியே காணோம், மொழுமொழுன்னு இருக்கு. சட்டையில பூவேலை பாதி போச்சு. "என்னண்ணே இது?"ன்னா, "பளபளப்பைப் பாருங்க தம்பி"ங்கிறார். பளபளப்புதான் வேணும்னா எவர்சில்வர் டம்ளர் வாங்கிக்க மாட்டேனா?

காசு தேயுறது மேட்டுலேர்ந்துதான். விக்டோரியா ரூபாயில கன்னம், காதோர முடி, சட்டை வேலைப்பாடு. எட்வர்டுக்குத் தலையில கிரீடம் கிடையாது, அதனால காதும் முடியும் முதல்ல போயிடும். ஐந்தாம் ஜார்ஜுக்கு அங்கியில இருக்கிற குட்டி யானையைப் பாருங்க. (1911-ல் அந்த யானை பன்னி மாதிரி இருக்குன்னு பெரிய களேபரமாகி, 1912-ல் படத்தையே மாத்தினாங்க. அது தனிப் பதிவுக்கான கதை.) இந்த மேடெல்லாம் தேஞ்சிருந்தா, எவ்வளவு மின்னினாலும் அது வி.எஃப்.தான், இல்லைன்னா அதுக்கும் கீழ.

"அது தேய்மானம் இல்ல, அச்சு சரியா விழல"ன்னு ஒரு சமாளிப்பு உண்டு. விழாம இருக்கலாம், ஒத்துக்கிறேன். ஆனா அப்படி இருந்தா அந்த இடத்துலயும் பழைய மினுக்கு இருக்கணும். அச்சடிக்கிறப்போ அழுத்தத்துல வெள்ளி ஓரத்தைப் பார்த்து நகரும். அதுல உண்டாகிற நுணுக்கமான கோடுகள்லதான் அந்த மினுக்கு பிறக்குது. விளக்கடியில காசைச் சாய்ச்சுத் திருப்பினா, வண்டிச்சக்கர ஆரம் மாதிரி வெளிச்சம் சுத்தி வரும். புளி, விபூதி, பல்பொடின்னு போட்டுத் தேய்ச்ச காசுல அது சுத்தாது. மொத்தமா வெள்ளையடிச்ச சுவர் மாதிரி நிக்கும். லென்ஸ் வெச்சா ஒரே திசையில கீறல், எழுத்து இடுக்குல மட்டும் கறுப்பு.

அந்தக் கறுப்பு அழுக்கு இல்லைங்க. வெள்ளியும் காத்துல இருக்கிற கந்தகமும் சேர்ந்து படியுற படலம். அதைத் தேய்ச்சு எடுக்கிறப்போ மேல் வெள்ளியும் சேர்ந்துதான் போகுது, திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

எனக்கு வயித்தெரிச்சல் எங்கேன்னா, பாட்டி பெட்டியில தொடாம கிடந்த காசை, யாரோ "நல்லா வெளக்கிட்டு எடுத்துட்டு வாங்க, விலை கூடும்"னு சொல்றதை நம்பி வெளக்கிக் கொண்டுபோறாங்க. அங்க போனா "வெளக்கிட்டீங்களே, இனி வெள்ளி விலைதான்"னு எடை போடுறாங்க. அதே காசு கண்ணாடிப் பெட்டிக்குள்ள போனதும் யு.என்.சி. ஆயிடுது. இது எந்த ஊர் நியாயம்?

1949-ல் ஷெல்டன்னு ஒரு அமெரிக்கர் பழைய செப்பு சென்ட் காசுகளுக்காக 1-லேர்ந்து 70 வரை ஒரு அளவுகோல் போட்டார். இப்போ உலகம் பூரா அதுதான், 60-க்கு மேலதான் யு.என்.சி. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. மாதிரி அமெரிக்க நிறுவனங்கள் கண்டபடி வெளக்கின காசுக்கு எண்ணே குடுக்கிறதில்ல, வெளக்கினதுன்னு எழுதிடுவாங்க. நம்மாளுங்க 'யு.என்.சி.++'ன்னு ரெண்டு பிளஸ் போடுறாங்க. புழங்காததுக்கு மேல இன்னும் ரெண்டு மடங்கு புழங்காததா? :)

அடுத்த தடவை வாங்குறப்போ, அட்டையில 'வெளக்கினது'ன்னு எழுதித் தரச் சொல்லுங்க. மாட்டேன்னா காசை அங்கேயே வெச்சுட்டு நடையைக் கட்டுங்க.

டிஸ்கி: நியாயமா விக்கிற நாலு பேரை எனக்கே தெரியும். அவங்க ஆட்டோ அனுப்ப வேணாம்.